எட்டுப் பெட்டிகளும் ஒரு மாற்றுத் தோளும்

அன்றைக்கு அங்கே இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

அருள் சிஸ்டர். மடத்துத் தையல் வகுப்பு அவர் பொறுப்பு. புதிதாக வந்த கம்ப்யூட்டர் வகுப்பும் அவர் பொறுப்பு.

ஜெரோம் சார். அரியாங்குப்பத்திலிருந்து மொபெட்டில் வருவார். என்னைவிட வயதில் சின்னவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை சார் என்பேன்.

சந்தியாகு. மாதா கோயில் பங்குக் கமிட்டி மெம்பர். நெல் மண்டி வைத்திருந்தார்.

பிலோமினா. அவர் மகள். பிளஸ் டூ முடித்தவள்.

ரோசலி. எங்கள் தெருப் பெண். ஜன்னலுக்கு வெளியே நின்றாள். உள்ளே வர அவளுக்கு அனுமதி இல்லை.

கம்ப்யூட்டர் ஒன்று. டி.வி. ஒன்று.

நான்.

கரண்டும் இருந்தது. அந்தக் காலத்தில் அதையும் வந்தவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

மற்ற பிள்ளைகள் காலையிலேயே பரீட்சைக் கணக்கைச் செய்து காட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடைசி ஆள் நான். என்னைக் கடைசியாகப் போட்டது சந்தியாகு.

நாற்காலி

சூளை வேலையைப் பற்றி இரண்டு வாரம் முன்னால் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், செங்கல் சுமந்தவள் கம்ப்யூட்டரில் எப்படி உட்கார்ந்தாய் என்று கேட்டிருக்கிறார்.

நாற்காலியில்தான் உட்கார்ந்தேன்.

ஊர் வில்லியனூரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். பெயர் வேண்டாம். எண்பதுகளின் பின்பாதி. வெளிநாட்டிலிருந்து யாரோ மடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் அனுப்பியிருந்தார்கள். பார்க்க டைப் மிஷின் மாதிரி இருக்கும். மூளை முழுக்க அந்த எழுத்துப் பலகைக்குள்ளேயே. அதற்குத் திரை கிடையாது. ஒரு டி.வி.யில் ஒயர் சொருகினால், தட்டுவது டி.வி.யில் தெரியும்.

மடத்தில் டி.வி. இல்லை. சந்தியாகு தன் வீட்டு டி.வி.யைக் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து வகுப்பில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பது அவர் வாயிலிருந்து வந்தது.

நான் அப்போது தையல் வகுப்பில் இருந்தேன். படிப்பு எட்டு. கல்யாணமாகிவிட்டது. சிஸ்டர் ஒருநாள், "கம்ப்யூட்டருக்கு யார் யார் வர்றீங்க?" என்று கேட்டார். கையைத் தூக்கினேன். தையல் வகுப்பில் வேறு யாரும் தூக்கவில்லை. தூக்கிய கையை இறக்க எனக்கு மனசு வரவில்லை.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"போயேன். ஆனா அழுதுக்கினு வூட்டுக்கு வராத."

"அழுதா என்னா பண்ணுவ?"

"நானும் அழுவேன். வேற இன்னா பண்றது?"

போனேன்.

நிபந்தனை

கமிட்டியில் பேச்சு வந்தது. எங்கள் தெருப் பெண்கள் இன்னும் சிலரும் சேரலாமா என்று சிஸ்டர் கேட்டிருக்கிறார். எங்கள் தெரு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். எந்தச் சாதி என்று எழுதப்போவதில்லை. படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

சந்தியாகு சொன்னாராம்: "ஒருத்திதான் இருக்கா இல்ல? அவ போட்டுக் காட்டட்டும். அவளால முடிஞ்சா மத்தவங்கள சேத்துக்கலாம். முடியலன்னா அந்தத் தெருவுக்கு இந்த கிளாஸ் கெடயாது. மிஷினு ஒண்ணுதான் இருக்குது."

பங்குச் சாமியார் சரி என்றார். சிஸ்டரும் சரி என்றார். என்னை யாரும் கேட்கவில்லை.

ஆக, அன்றைக்கு நான் எழுந்து போனால் என்னோடு முடியாது. ரோசலி ஜன்னலுக்கு வெளியேயே நிற்க வேண்டியதுதான். அவளுக்குப் பின்னால் இருக்கிறவர்களும்.

கணக்கு

கணக்கு இதுதான். ஜெரோம் சார் கரும்பலகையில் எட்டுப் பெட்டி வரைந்தார். பெட்டிக்கு ஓர் எண்.

42, 17, 63, 8, 55, 29, 71, 36.

மிஷின் இவற்றைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்க வேண்டும். பிறகு ஓர் எண்ணைக் கேட்டால், அது எத்தனையாவது பெட்டியில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இல்லாத எண்ணைக் கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும்.

"இத கையால அடுக்கிட்டு போறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார் சந்தியாகு. "எங்க மண்டியில மூட்ட அடுக்கறவன் பண்ணிடுவான்."

"எட்டுன்னா கையால பண்ணலாம், சார். எட்டாயிரம்னா?" என்றார் ஜெரோம் சார்.

"எட்டாயிரம் எதுக்கு இந்த ஊர்ல?"

ஜெரோம் சார் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார். டி.வி. சந்தியாகுவுடையது.

எனக்கு அரைமணி நேரம். சார் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது நினைவிருந்தது. பக்கத்துப் பக்கத்துப் பெட்டியாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். முன்னால் இருப்பது பெரியதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். கடைசிவரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து. மாற்ற ஒன்றுமே இல்லாமல் போகும்வரை.

இடம் மாற்றுவது எப்படி என்று மட்டும் சார் சொல்லவில்லை. அதுதான் பரீட்சை.

எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அடுக்குவதும் தேடுவதும் எழுதிவிட்டு, இடம் மாற்ற இரண்டு வரி எழுதினேன். எங்கள் மிஷினில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் வைக்க வேண்டும், அந்த எண் வரிசையில்தான் மிஷின் செய்யும்.

110-ஆம் வரி: இந்தப் பெட்டியில் அடுத்த பெட்டியின் எண்ணைப் போடு.

120-ஆம் வரி: அடுத்த பெட்டியில் இந்தப் பெட்டியின் எண்ணைப் போடு.

இவன் இடத்துக்கு அவன், அவன் இடத்துக்கு இவன். முடிந்தது என்று நினைத்தேன்.

ஓட்டினேன். எட்டு எண்ணையும் தட்டினேன். மிஷின் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு டி.வி.யில் வந்தது.

8, 8, 8, 8, 29, 29, 36, 36.

சிரிப்பு

முதலில் சிரித்தது பிலோமினா இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். சிரித்தது அவள் அப்பா.

"எட்டாங்கிளாஸ் கைய வச்சா எட்டுதான் வரும்! நாலு எட்டு! பாத்தீங்களா சிஸ்டர்?"

சிஸ்டரும் லேசாகச் சிரித்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

ஜன்னலிலிருந்து ரோசலி கத்தினாள்.

"ஏண்டி லூர்து, எழுவத்தொண்ண எங்கடி காணோம்?"

"நீ சும்மா இருடி."

"அறுவத்திமூணும் காணோம்டி. பெரிசு பெரிசா இருந்ததுங்கள சின்னது தின்னுட்டுதா?"

"அங்க இன்னா சத்தம்?" என்றார் சந்தியாகு. "சிஸ்டர், அந்தப் பொண்ண போச்சொல்லுங்க."

"நான் வெளியதான நிக்கறேன். வெளிய நிக்கறதுக்குமா கமிட்டி?" என்றாள் ரோசலி.

சந்தியாகு என் பக்கம் திரும்பினார்.

"ஆச்சி இல்ல? எழுந்திரு."

"அரமணி ஆவல."

"வந்தது வந்துடிச்சி. இன்னும் இன்னாத்துக்கு ஒக்காந்துக்கினு கீற?"

"எழுந்திரிக்க மாட்டேன்."

நான் அப்படிப் பேசுகிறவள் இல்லை. அதிகம் பேசுகிறவளே இல்லை. அந்த இரண்டு சொல்லைச் சொன்னதும் நாற்காலியின் கீழே இருந்த குறுக்குச் சட்டத்தில் இரண்டு காலையும் கோத்துக்கொண்டேன். இழுத்தால் நாற்காலியோடு இழுக்கட்டும்.

ரோசலி கேட்டது சரியான கேள்வி. எழுபத்தொன்று எங்கே போனது? நாற்பத்திரண்டு எங்கே போனது? நான் எதையும் அழிக்கச் சொல்லவில்லை. இடம் மாறத்தான் சொன்னேன்.

சப்பரம்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் பங்கில் கோயில் ஒன்றுதான். திருவிழாத் தேர் பெரிய தெருவெல்லாம் சுற்றும். வாய்க்கால் வரைக்கும் வந்து திரும்பிவிடும். எங்கள் தெருவுக்குள் வராது. என் அப்பா காலத்தில் கேட்டுப் பார்த்தார்கள். பிறகு கேட்பதை நிறுத்தினார்கள். சொந்தமாக ஒரு சப்பரம் செய்தார்கள். அதில் வைக்க அந்தோணியார் சுரூபம் ஒன்று வாங்கினார்கள். தேர் திரும்பிப் போகிற அதே நேரத்தில் எங்கள் சப்பரம் கிளம்பும். எங்கள் கொட்டுச் சத்தம் அவர்கள் பேண்டை அமுக்கிவிடும்.

சப்பரத்தைத் தோளில் தூக்க இரண்டு கொம்பு. ஒரு கொம்புக்கு நான்கு தோள். குள்ளமானவர் முன்னால், போகப்போக உயரமானவர். சுரூபம் லேசாக முன்னால் சாய்ந்து ஜனங்களைப் பார்க்கும். இடையில் ஒரு குள்ளத் தோள் வந்துவிட்டால் அதில் கொம்பு படாது. பாரம் முழுக்கப் பக்கத்துத் தோளுக்குப் போய்விடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சுரூபத்தைத் தூக்கினால் தெருவைச் சுற்றி வரும்வரை தரையில் வைக்கக் கூடாது.

ஒரு வருஷம், மதகடிப்பட்டுப் பக்கம் சூளைக்குப் போன ஆம்பிளைகளை முதலாளி விடவில்லை. திருவிழா நாள் வந்துவிட்டது. தேரும் கிளம்பிவிட்டது. சப்பரம் சும்மா நின்றது.

"நாம தூக்கனா இன்னா?" என்றாள் ஒருத்தி.

"பொம்பளைங்க தூக்கறதா?"

"செங்கல்லு தூக்கலியா? அது தூக்கும்போது எவனாவது வேணாம்னானா?"

தூக்கினோம். தூக்கிய பிறகுதான் தெரிந்தது, யார் தோள் எவ்வளவு உயரம் என்று எங்களுக்கே தெரியவில்லை. ஆம்பிளைகளுக்குப் பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு இடத்தில் போய் நிற்பார்கள். எங்கள் வரிசை பல்வரிசை மாதிரி இருந்தது. கீழே வைக்கக் கூடாது. நடந்துகொண்டே மாற்ற வேண்டும்.

முதலில் முன்னால் இருந்தவளும் பின்னால் இருந்தவளும் சட்டென்று இடம் மாறப் பார்த்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் தோளை எடுத்தார்கள். கொம்பு அடுத்தவள் கழுத்தில் இறங்கியது. அவள் குரல் வாய்க்காலைத் தாண்டிக் கேட்டிருக்கும். மெழுகுவத்திக் கண்ணாடி விழுந்து உடைந்தது. அந்தோணியார் ஒரு பக்கமாகச் சாய்ந்து எங்களையே பார்த்தார்.

"லூர்து, தோள குடுடி!"

நான் வரிசையில் இல்லை. கூட நடந்துகொண்டிருந்தேன். ஓடிப்போய் முன்னால் இருந்தவள் இடத்தில் தோளைக் கொடுத்தேன். அவள் வெளியே வந்தாள். பின்னால் போய் இன்னொருத்தி இடத்தில் நுழைந்தாள். அந்த இன்னொருத்தி முன்னால் வந்து என் இடத்தை வாங்கிக்கொண்டாள். நான் வெளியே வந்தேன். மாறியாகிவிட்டது. பாரம் ஒரு நொடியும் காலியான இடத்தில் நிற்கவில்லை.

பிறகு அடுத்த ஜோடி. அதற்கடுத்த ஜோடி. தெரு முடிகிறவரைக்கும் நான் நுழைந்து நுழைந்து வெளியே வந்தேன். மறுநாள் இரண்டு தோளும் வீங்கியிருந்தன. அந்த வருஷம் முதல் பொம்பளைகளும் தூக்குகிறோம். ஆம்பிளைகள் திரும்பி வந்து கேட்டார்கள். பாதிக் கொம்பைக் கொடுத்தோம்.

எங்கே போனது

டி.வி.யில் நாலு எட்டும் அப்படியே நின்றிருந்தன.

மிஷின் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும் என்று ஜெரோம் சார் பலமுறை சொல்லியிருந்தார். நான் எழுதிய இரண்டு வரியும் ஒரே நேரத்தில் நடக்கும் என்று நினைத்துவிட்டேன். நடக்கவில்லை. முதல் வரியில் 42-இன் இடத்துக்கு 17 வந்து உட்கார்ந்துவிட்டது. 42-க்கு நிற்க இடம் இல்லை. போய்விட்டது. இரண்டாம் வரி வந்து பார்க்கும்போது அங்கே இருப்பது 17. அதையே எடுத்து அடுத்த பெட்டியிலும் போட்டது.

சப்பரத்தில் தெரிந்தது இங்கே தெரியவில்லை. எண்ணுக்குக் கனம் இல்லை என்று நினைத்திருந்தேன்.

வெளியே ஓர் இடம் வேண்டும். 42 நிற்க. ஒரு நொடிக்கு.

"சார்," என்றேன். "பெட்டிக்கு வெளிய ஒரு நம்பர நிறுத்தி வெக்கலாமா?"

ஜெரோம் சார் என்னைப் பார்த்தார். சந்தியாகுவையும் பார்த்தார்.

"நான் பதில் சொல்லக் கூடாது அக்கா. பரீட்சை."

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுவீங்க இல்ல?"

அவர் கரும்பலகையின் காலிப் பாதியைத் துடைக்கப் போய்விட்டார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

அப்போதுதான் சந்தியாகு வந்தார். என் தலைக்கு மேலே கையை நீட்டி டி.வி.யை அணைத்தார்.

"எம்மாம் நேரம்? என் டி.வி. நான் நிறுத்தறேன். போதும்."

திரை கறுத்தது. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி நின்றது. அதுவும் போனது.

சிஸ்டரைப் பார்த்தேன். சிஸ்டர் செபமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் நல்லவர். ஆனாலும் மறக்கவில்லை.

இருட்டுத் திரை

நான் எழுந்திருக்கவில்லை. எழுத்துப் பலகையில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"சார், டி.வி. நின்னா மிஷினு நிக்குமா?"

இதற்குப் பதில் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நிக்காதுக்கா. டி.வி. கண்ணாடி மாதிரி. நீங்க போட்டதெல்லாம் உள்ள அப்டியே இருக்கு."

"அப்ப இருக்கட்டும்."

தட்டினேன். திரையில் எழுத்து தெரியாது, கையடியில் விசை தெரியும். தையல்காரிக்கு விரல் பார்த்து வைக்க வரும்.

105-ஆம் வரி: டி என்ற எழுத்தில் இந்தப் பெட்டியின் எண்ணை நிறுத்து.

110 இருந்தபடி இருக்கட்டும்.

120-ஆம் வரி, புதிதாக: அடுத்த பெட்டியில் டி-யில் நிற்பதைப் போடு.

"இன்னாத்த தட்டறா இவ? ஒண்ணுமே தெரியல," என்றார் சந்தியாகு.

"ஒங்குளுக்குத் தெரியல," என்றேன்.

ஓட்டச் சொல்லித் தட்டினேன். மிஷின் இப்போது எண் கேட்டிருக்கும். கேட்டதா என்று பார்க்க முடியாது. கேட்டது என்று வைத்துக்கொண்டேன்.

"ரோசலி, நம்பர சொல்லு."

ஜன்னலுக்கு வெளியே அவள் எக்கி நின்றாள். சார் கரும்பலகையில் எட்டுப் பெட்டி இருந்த பாதியைத் துடைக்காமல் விட்டிருந்தார். அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிள் வாசகம் படிக்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி. எங்கள் தெருப் பெண்களை வாசகம் படிக்க விடுவதில்லை. அவள் வீட்டில் படித்துப் பழகியிருந்தாள்.

"நாப்பத்திரெண்டு."

தட்டினேன்.

"பதினேழு."

தட்டினேன்.

எட்டும் முடிந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கறுப்புத் திரையில் என் முகம்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் சந்தியாகுவின் வேட்டி.

பிலோமினா எழுந்தாள்.

"இன்னாம்மா?" என்றார் அவர்.

"பாக்கணும்பா."

"இன்னாத்த பாக்கப்போற? நீதான் காலையிலயே போட்டுட்டியே."

"நான் போட்டது எனக்குத் தெரியும். அவங்க போட்டத பாக்கணும்."

அவள் போய் டி.வி.யைப் போட்டாள். அந்தக் காலத்து டி.வி. சூடேறித்தான் தெரியும். முதலில் சத்தம். பிறகு வெளிச்சம். பிறகு எழுத்து.

8, 17, 29, 36, 42, 55, 63, 71.

ரோசலி ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குலுக்கினாள். கம்பி தாங்கியது.

"இரு, இரு," என்றார் சந்தியாகு. "தேடறதும் இருக்குது இல்ல? அம்பதத் தேடச் சொல்லு."

ஐம்பது வரிசையில் இல்லை. அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தட்டினேன். மிஷின் முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னது. இல்லை என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் நான்தான் எழுதி வைத்திருந்தேன்.

"பாருங்க, அதுக்குத் தெரியலன்னுடிச்சி," என்றார் சந்தியாகு.

"தெரியலன்னு சொல்லல," என்றேன். "இல்லன்னு சொல்லிச்சி. இல்லாதத இல்லன்னுதான் சொல்லும். ஆளப் பாத்து மாத்திச் சொல்லாது."

ஜெரோம் சார் 63 கேட்டார். ஏழாவது பெட்டி என்று வந்தது. சார் தன் தாளில் என் பெயருக்கு நேராகக் குறி போட்டார். சிஸ்டர், "சரி மெம்பர், நீங்க சொன்னபடியே," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதையாவது சொன்னாரே.

சந்தியாகு டி.வி.யை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பிலோமினாவும் படிக்க வேண்டுமே.

திங்கட்கிழமை

ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் ரோசலியும் வீடு வீடாகப் போனோம். மாவு அரைத்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னோம். சூளையிலிருந்து அன்றைக்குத்தான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் சொன்னோம்.

"எனுக்கு இங்கிலீசு எழுத்தே தெரியாதே," என்றாள் ஒருத்தி.

"இருவத்தாறுதான். வா."

"கமிட்டி ஒண்ணும் சொல்லாதா?"

"சொல்லும். வா."

திங்கட்கிழமை வாய்க்காலைத் தாண்டி மடத்துக்குப் போனோம். வாசலில் சந்தியாகு நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் அருள் சிஸ்டர். எங்களைப் பார்த்ததும் சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"லூர்து, இன்னாம்மா இது? இருக்கிறது ஒரு மிஷின். எத்தனை பேர் வந்திருக்கீங்க?"

திரும்பி, முன்னாலிருந்து பின்னால்வரை ஒவ்வொருத்தியாக எண்ணினேன்.

பதினாலு.